ஹார்மோன் ஏற்பிகள் உட்கருவுக்குள் மரபணுவை இயக்குவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் உயிர்வேதியியலும் உயிரித்தொழில்நுட்பமும் படிக்கும் பிள்ளைகள் கேட்பவை இதில் பாதி. வீட்டில் தைராய்டு, ஸ்டீராய்டு, மார்பகப் புற்றுநோய் மாத்திரை எடுப்பவர்கள் கேட்பவை மீதி. இரண்டையும் பிரித்து வைக்கவில்லை. மாத்திரையை ஏன் வெறும் வயிற்றில் போட வேண்டும், ஏன் திடீரென்று நிறுத்தக் கூடாது, டெஸ்டுக்கு ஏன் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும் என்பவற்றில் பலவற்றுக்குக் காரணம் உட்கருவுக்குள்தான் இருக்கிறது.

எல்லா ஹார்மோனும் உட்கரு வரை போகுமா?

போகாது. இன்சுலின், அட்ரினலின் போன்றவை செல் சவ்வைத் தாண்டுவதில்லை. சவ்வின் வெளிப்பக்கம் இருக்கும் ஏற்பியில் (ஹார்மோனைப் பிடிக்கும் புரதம்) ஒட்டி, உள்ளே வேறு மூலக்கூறுகள் வழியாகச் செய்தியை அனுப்பும். கார்டிசால், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன், ஆல்டோஸ்டிரோன் ஆகிய ஸ்டீராய்டுகளும் வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவமும் கொழுப்பில் கரைபவை, அதனால் சவ்வைக் கடந்துவிடும். தைராய்டு ஹார்மோனை உள்ளே கொண்டுபோகச் சவ்வில் தனிக் கடத்திப் புரதங்கள் உண்டு. உள்ளே காத்திருக்கும் ஏற்பிகள் எல்லாம் ஒரே குடும்பம். மனிதனில் இந்தக் குடும்பத்துக்கு 48 மரபணுக்கள். அவற்றில் சிலவற்றுக்கு எது ஹார்மோன் என்பது இன்னும் தெரியாததால் அவற்றை அநாதை ஏற்பிகள் என்றே அழைக்கிறார்கள்.

ஏற்பியின் உடலமைப்பு எப்படி இருக்கும்?

ஒரே நீளமான புரதச் சங்கிலிதான், ஆனால் வேலை பிரித்துக்கொண்ட பகுதிகள் கொண்டது. மனிதக் கார்டிசால் ஏற்பியில் 777 அமினோ அமிலங்கள், ஈஸ்ட்ரோஜன் ஆல்ஃபா ஏற்பியில் 595.

முன் முனைப் பகுதி ஏற்பிக்கு ஏற்பி நீளம் மாறும். அதற்கு நிலையான வடிவம் கிடையாது. நடுவில் டி.என்.ஏ.வைப் பிடிக்கும் பகுதி. இங்கே இரண்டு துத்தநாக விரல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் நான்கு சிஸ்டீன்கள் சேர்ந்து ஒரு துத்தநாக அயனியைப் பிடித்திருக்கும். அந்த எட்டு சிஸ்டீன்களில் ஒன்று மாறினாலும் விரல் மடங்காது, ஏற்பி டி.என்.ஏ.வைப் பிடிக்காது. அடுத்து வளையக்கூடிய ஒரு சிறு இணைப்பு. கடைசியில் ஹார்மோன் உட்காரும் பை, அதைச் சுற்றி ஏறத்தாழ 12 சுருள்கள். இந்தப் 12-ஆவது சுருளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மார்பகப் புற்றுநோய் மாத்திரையான டாமாக்சிஃபென் பற்றிய கேள்வியில் திரும்ப வரும்.

ஹார்மோன் வந்ததும் என்ன நடக்கிறது? வரிசையாகச் சொல்ல முடியுமா?

கார்டிசாலை எடுத்துக்கொள்வோம். ஹார்மோன் இல்லாத நேரத்தில் அதன் ஏற்பி சைட்டோபிளாசத்தில் ஹெச்.எஸ்.பி.90 என்ற துணைப் புரதத்தோடும் வேறு சில புரதங்களோடும் சேர்ந்து நிற்கும். அந்தப் பிடிதான் ஹார்மோன் நுழையும்படி பையைத் திறந்த நிலையில் வைத்திருக்கிறது. ஹெச்.எஸ்.பி.90-ஐ மருந்தால் முடக்கினால் ஏற்பி ஹார்மோனைப் பிடிக்கும் திறனை இழந்து சிதைந்துபோகும்.

ஹார்மோன் உட்கார்ந்ததும் கூட்டணி மாறுகிறது. எஃப்.கே.பி.பி.51 என்ற துணைப் புரதம் விலகி எஃப்.கே.பி.பி.52 வருகிறது. இது டைனீன் என்ற இயக்கப் புரதத்தோடு இணைந்து ஏற்பியை உட்கருத் துளை நோக்கி இழுக்கிறது. அரை மணி நேரத்துக்குள் ஏற்பியின் பெரும்பகுதி உட்கருவுக்குள் சேர்ந்துவிடும். உள்ளே டி.என்.ஏ.வில் தனக்குரிய வரிசையில் ஜோடியாக அமர்ந்து, இணைச்செயல் புரதங்களைக் கூட்டி, மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸை வேலை செய்ய வைக்கிறது. ஆர்.என்.ஏ. உருவாகி, வெளியே வந்து, புரதமாக மாறி, அந்தப் புரதம் போதிய அளவு சேர்ந்த பிறகே உடலில் மாற்றம் தெரியும். அதனால்தான் இந்த வழியில் எதுவும் நிமிடத்தில் நடப்பதில்லை. முதல் ஆர்.என்.ஏ.க்கள் அரை மணி முதல் ஒரு மணிக்குள் ஏறும், பலன் பல மணி நேரம் கழித்து.

ஒரு திருத்தம் தேவை. பாடப் படங்களில் ஏற்பி டி.என்.ஏ.வில் ஆணி அடித்தது போல நிற்கிறது. உயிருள்ள செல்லில் ஒளிரும் ஏற்பியைப் பார்த்தால் ஓர் இடத்தில் சில நொடிகளே தங்குகிறது. வருவதும் போவதுமாகவே இருக்கும்.

டி.என்.ஏ.வின் இத்தனை கோடி எழுத்துகளில் தன் இடத்தை ஏற்பி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆறு எழுத்து கொண்ட இரண்டு பாதிகளைத் தேடுகிறது. கார்டிசால் ஏற்பிக்கு முதல் பாதி ஏ-ஜி-ஏ-ஏ-சி-ஏ. பிறகு எதுவாகவும் இருக்கக்கூடிய மூன்று எழுத்து இடைவெளி. அடுத்த பாதி டி-ஜி-டி-டி-சி-டி, அதாவது முதல் பாதியே எதிர் இழையில் திரும்பி நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கும் இதே அமைப்பும் இதே இடைவெளியும்தான், ஆனால் பாதி ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். மூன்றாவது, நான்காவது எழுத்து மட்டுமே வேறு. முதல் விரலின் அடிப்பகுதியில் மூன்று அமினோ அமிலங்களை மாற்றினால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கார்டிசால் வரிசையைப் பிடிக்கத் தொடங்கிவிடும். அவ்வளவு நெருக்கம்.

தைராய்டு, வைட்டமின் டி, ரெட்டினாயிக் அமில ஏற்பிகள் ஆர்.எக்ஸ்.ஆர். என்ற பொதுக் கூட்டாளியோடு ஜோடி சேர்பவை. இவற்றுக்குப் பாதிகள் ஒரே திசையில் அடுத்தடுத்து நிற்கும். இடைவெளிதான் ஆளை அடையாளம் காட்டும்: வைட்டமின் டி-க்கு 3 எழுத்து, தைராய்டுக்கு 4, ரெட்டினாயிக் அமிலத்துக்கு 5. தேர்வில் கேட்பார்கள்.

ஹார்மோன் இல்லாதபோது ஏற்பி சும்மா இருக்குமா?

கார்டிசால் ஏற்பி சும்மா இருக்கும். தைராய்டு ஏற்பி அப்படி இல்லை. ஹார்மோன் இல்லாமலே டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து, என்கார், ஸ்மர்ட் என்ற அடக்கும் புரதங்களைப் பிடித்து வைத்திருக்கும். அவை, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் உள்ள அசிட்டைல் குழுக்களை நீக்கும் நொதியைக் கொண்டுவரும், குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் ஹிஸ்டோனும் சேர்ந்த சுருணை) இறுகும், மரபணு சாதாரண நிலையைவிடவும் கீழே போகும். தைராய்டு ஹார்மோனின் செயல்படும் வடிவமான டி3 வந்து பையில் அமர்ந்ததும் அடக்கும் புரதம் கழன்று, அந்த இடத்தில் எஸ்.ஆர்.சி. வகை இணைச்செயல் புரதம் ஒட்டுகிறது. அது பி300 போன்ற அசிட்டைல் சேர்க்கும் நொதிகளை அழைக்கிறது, குரோமாட்டின் தளர்கிறது, மீடியேட்டர் என்ற பெரிய கூட்டமைப்பு வழியாகப் பாலிமரேஸ் வந்து சேர்கிறது. ஆகவே தைராய்டு குறைபாட்டில் மரபணு தூண்டப்படாமல் கிடப்பதோடு விஷயம் முடிவதில்லை, ஏற்பியே அதை அமுக்கி வைத்திருக்கிறது. பிறந்த குழந்தைக்கு இந்தக் குறையை முதல் வாரங்களிலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்று வற்புறுத்துவது வளரும் மூளையில் இப்படி அமுக்கப்படும் மரபணுக்களை நினைத்துத்தான்.

ஒரே கார்டிசால் கல்லீரலில் சர்க்கரையைக் கூட்டுகிறது, எலும்பைத் தேய்க்கிறது, வீக்கத்தைக் குறைக்கிறது. ஏற்பி ஒன்றுதானே?

ஏற்பி ஒன்றுதான், டி.என்.ஏ.வும் ஒன்றுதான். திறந்திருக்கும் இடங்கள்தான் வேறு. செட்டிநாட்டு வீட்டின் வளவைச் சுற்றி அறைகள் வரிசையாக இருக்கும். ஒரு வீட்டில் புழங்கும் அறை இன்னொரு வீட்டில் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். வந்திருப்பவர் அதே ஆள் என்றாலும், எந்த அறை திறந்திருக்கிறதோ அதற்குள்தான் போக முடியும். குரோமாட்டினும் அப்படித்தான். கார்டிசால் ஏற்பி பெரும்பாலும் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடங்களில்தான் அமர்கிறது. எந்த இடம் தளர்ந்திருக்கும் என்பதை அந்தத் திசுவுக்கே உரிய முன்னோடிப் புரதங்கள், செல் உருவான காலத்திலேயே தீர்மானித்துவிடுகின்றன. மார்பகச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு இந்த வேலையைச் செய்து கொடுப்பது ஃபாக்ஸ்-ஏ1.

வீக்கம் குறைவது இன்னொரு வழி. அங்கே ஏற்பி பல நேரம் டி.என்.ஏ.வை நேரடியாகப் பிடிப்பதில்லை. அழற்சி மரபணுக்களை ஏற்றும் என்.எஃப்.-கப்பா-பி, ஏ.பி.-1 ஆகிய புரதங்களின் மேல் போய் ஒட்டி அவற்றை முடக்குகிறது. பக்க விளைவே இல்லாத ஸ்டீராய்டு செய்யலாம் என்ற ஆசை இந்தப் பிரிவினையிலிருந்து பிறந்தது. ஆனால் அழற்சியை அடக்கும் கில்ஸ் போன்ற சில புரதங்கள் நேரடித் தூண்டலால்தான் உருவாகின்றன. ஆகவே ஒன்றை விட்டு ஒன்றை மட்டும் எடுப்பது நினைத்த அளவு எளிதாக இல்லை.

இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது?

1950-களின் இறுதியில் எல்வுட் ஜென்சன் கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய எஸ்ட்ராடயோலை (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவம்) எலிகளுக்குக் கொடுத்து, கருப்பை அதைப் பிடித்து வைத்துக்கொள்வதைக் காட்டினார். 1960-இல் கிளவரும் கார்ல்சனும் ஒரு பூச்சியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் எக்டைசோன் என்ற பூச்சி ஹார்மோனைச் செலுத்தி, குரோமோசோமில் குறிப்பிட்ட இடங்கள் உப்புவதை நுண்ணோக்கியில் கண்டார்கள். ஹார்மோன் மரபணுவைத் தொடுகிறது என்பதற்குக் கண்ணால் பார்த்த முதல் சான்று அது. 1985-இல் ரொனால்ட் எவன்ஸ் குழு மனிதக் கார்டிசால் ஏற்பியின் மரபணுவைப் பிரித்தது. அடுத்த ஆண்டு பியர் ஷாம்போன் குழு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை. ஜென்சன், எவன்ஸ், ஷாம்போன் மூவருக்கும் 2004-இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை இரத்தத்தில் சில மணி நேரம்தான் இருக்கும் என்கிறார்கள். ஒரு வேளை போட்டால் நாள் முழுக்க வேலை செய்வது எப்படி?

இரத்தத்தில் அதன் அரை ஆயுள் 2 முதல் 4 மணி நேரம். ஆனால் அதன் செயல் 12 முதல் 36 மணி நேரம் நீடிக்கும். மருந்து போன பிறகும், அது எழுத வைத்த ஆர்.என்.ஏ.வும் புரதமும் இருக்கின்றன, அவை கரையும் வரை பலனும் இருக்கும். டெக்சாமெதாசோனின் செயல் 36 முதல் 72 மணி நேரம் வரை போகும்.

சம அளவுகள்: ஹைட்ரோகார்டிசோன் 20 மி.கி., பிரெட்னிசோலோன் 5 மி.கி., மெத்தில்பிரெட்னிசோலோன் 4 மி.கி., டெக்சாமெதாசோன் 0.75 மி.கி. இவை நான்கும் ஏறத்தாழ ஒன்று.

ஸ்டீராய்டு எடுப்பவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாகவே இருக்கிறது. பயமில்லையே?

அதை மட்டும் நம்பாதீர்கள். காலை 8 மணிக்குப் போட்ட பிரெட்னிசோலோன் கல்லீரலில் குளுக்கோஸ் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்களை ஏற்றவும், தசை இன்சுலினுக்கு மசியாமல் போகவும் சில மணி நேரம் பிடிக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் மாலையிலும்தான் சர்க்கரை உச்சத்துக்கு ஏறும், விடிவதற்குள் இறங்கிவிடும். மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், அல்லது இரவுச் சாப்பாட்டுக்கு முன்.

ஏன் திடீரென்று நிறுத்தக் கூடாது?

கார்டிசால் ஏற்பி மூளையடிச் சுரப்பியில், அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஏ.சி.டி.ஹெச். ஹார்மோனைத் தயாரிக்கும் மரபணுவை அடக்கும். உடலில் கார்டிசால் போதும் என்ற செய்தி அது. வெளியிலிருந்து வரும் மாத்திரையும் அதே செய்தியைத்தான் சொல்லும். மூன்று வாரத்துக்கு மேல் போனால் அட்ரினல் சுரப்பி வேலையின்றிச் சுருங்கத் தொடங்கும். பழைய நிலைக்கு வரச் சில மாதங்கள்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் மாத்திரையை நிறுத்தினால் களைப்பு, வாந்தி, இரத்த அழுத்தம் விழுதல், காய்ச்சல் சமயத்தில் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் படிப்படியாகக் குறைப்பது இதற்காகத்தான்.

மூட்டு வலிக்கும் உடம்பு ஏறவும் சீட்டில்லாமல் வாங்கும் சின்ன மாத்திரைகளில் பல டெக்சாமெதாசோனோ பீட்டாமெதாசோனோதான். 0.5 மி.கி. டெக்சா நாளுக்கு இரண்டு என்றால் பிரெட்னிசோலோன் கணக்கில் 6 முதல் 7 மி.கி. மாதக்கணக்கில் போட்டவர் அறுவை சிகிச்சைக்கு முன் இதைச் சொல்லாமல் விடுவதுதான் மிகப் பெரிய தவறு. முகம் வெளுக்கப் பூசும் ஸ்டீராய்டு களிம்பும் இதே ஏற்பி வழியாகத் தோலின் கொலாஜன் மரபணுக்களை அடக்குகிறது. முதல் மாதம் பளபளப்பு, பிறகு தோல் மெலிந்து நரம்பு தெரியும்.

தைராய்டு மாத்திரையை மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பார்க்கலாமா?

பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். மாத்திரையிலுள்ள லெவோதைராக்சின் (டி4) இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும், ஒரு புதிய அளவு நிலைபெற ஐந்து வாரம் போல வேண்டும். டி.எஸ்.ஹெச். என்பதே மூளையடிச் சுரப்பியில் ஒரு மரபணு எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதன் அளவீடு. அதுவும் மெல்லத்தான் நகரும். 6 முதல் 8 வாரம் கழித்துப் பாருங்கள்.

எழுந்தவுடன் பில்டர் காபியோடு மாத்திரையை விழுங்கும் வழக்கம் இங்கே அதிகம். காபி உறிஞ்சுதலைக் கெடுக்கும். தண்ணீரில் போட்டு 30 முதல் 60 நிமிடம் விடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். முடிக்காகப் பயோட்டின் எடுப்பவர்கள் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். பல கருவிகளின் சோதனை முறையே பயோட்டினை வைத்து நடப்பதால் டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும்.

டி4 கூடியிருக்கிறது, ஆனாலும் டி.எஸ்.ஹெச். குறையவில்லை. இது எப்படி?

முதலில் சோதனைக் கோளாறா என்று பார்க்க வேண்டும். அது இல்லையென்றால், அரிதாகத் தைராய்டு பீட்டா ஏற்பியிலேயே பழுது இருக்கும். ஹார்மோன் நிறைய இருந்தும் மூளையடிச் சுரப்பி அதை உணராது. இவருக்குத் தைராய்டு அதிகம் என்று நினைத்துச் சுரப்பியை எடுத்துவிட்டால் நிலைமை மோசமாகும்.

அதிமதுரம் சாப்பிட்டால் பிரஷர் ஏறுமா? நாட்டு மருந்துக் கடையில் வாங்குவதுதானே?

ஏறும், அளவு மீறினாலும் நாள்பட்டாலும். இதன் இயக்கம் ஏற்பிகளைப் புரிந்துகொள்ள மிக நல்ல உதாரணம். சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கும் மினரலோகார்டிகாய்டு ஏற்பிக்கு ஆல்டோஸ்டிரோனும் கார்டிசாலும் ஒன்றுதான், இரண்டையும் ஒரே அளவு இறுக்கமாகப் பிடிக்கும். இரத்தத்திலோ கார்டிசால் பல நூறு மடங்கு அதிகம். பிறகு ஆல்டோஸ்டிரோனுக்கு எப்படி வேலை கிடைக்கிறது? அந்தச் செல்லுக்குள் 11-பீட்டா-ஹெச்.எஸ்.டி.2 என்ற நொதி கார்டிசாலை, ஏற்பி பிடிக்க முடியாத கார்டிசோனாக மாற்றிவிடுகிறது. அதிமதுரத்தின் கிளைசிரைசின் உடலில் மாறி உண்டாகும் பொருள் இந்த நொதியை முடக்கும். கார்டிசால் தடையில்லாமல் ஏற்பியில் ஏறி உட்காரும், உப்புக் கால்வாய் மரபணுக்கள் கூடும், உப்பும் நீரும் உடலில் தங்கும், பொட்டாசியம் வெளியேறும்.

தொண்டைக்கு எப்போதாவது ஒரு துண்டு மெல்வது வேறு. தினமும் பொடியாகக் கலந்து குடிப்பவருக்குக் கால் வீங்கி, தசை சோர்ந்து, பிரஷர் மாத்திரைக்கு மசியாவிட்டால் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். நீர் பிரியும் மாத்திரையோ டிஜாக்சின் என்ற இதய மாத்திரையோ எடுப்பவர்கள் தொடவே வேண்டாம். நிறுத்திய பிறகும் சரியாக ஓரிரு வாரம் பிடிக்கலாம்.

டாமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது என்றால் கருப்பையில் ஏன் எதிர்மாறாக நடக்கிறது?

எஸ்ட்ராடயோல் பையில் அமர்ந்தால் 12-ஆவது சுருள் பையின் வாயை மூடி, பக்கத்தில் இணைச்செயல் புரதம் ஒட்ட ஒரு பள்ளம் அமையும். டாமாக்சிஃபெனுக்கு நீளமான ஒரு பக்கக் கிளை உண்டு. அது பையை விட்டு வெளியே துருத்தி நிற்பதால் 12-ஆவது சுருள் மூட முடியாமல் போய் அந்தப் பள்ளத்திலேயே படுத்துவிடும். இணைச்செயல் புரதத்துக்கு இடமில்லை. மார்பகச் செல்லில் இதுவே போதும். கருப்பை உட்சுவரில் இணைச்செயல் புரதங்கள் அதிகம், ஏற்பியின் முன்முனைப் பகுதி வழியாகவும் வேலை நடக்கும். அதனால் அங்கே அரைகுறைத் தூண்டல். மாதவிடாய் நின்றவர் டாமாக்சிஃபென் எடுக்கும்போது இரத்தப்போக்கு கண்டால் அன்றே சொல்ல வேண்டும்.

டாமாக்சிஃபெனைக் கல்லீரலின் சி.ஒய்.பி.2டி6 நொதிதான் எண்டாக்சிஃபென் என்ற வலுவான வடிவமாக மாற்றுகிறது. ஃப்ளுவாக்சிடின், பராக்சிடின் ஆகிய மனச்சோர்வு மாத்திரைகள் இந்த நொதியைத் தடுக்கும்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி சோதனைக்குக் கட்டித் துண்டை மதுரைக்கு அனுப்புகிறோம். எதில் கவனம் வேண்டும்?

முடிவைக் கெடுப்பது பெரும்பாலும் ஆய்வகம் இல்லை, அதற்கு முந்திய சில மணி நேரம். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத நடுநிலைப்படுத்திய ஃபார்மலினில் போட வேண்டும். ஃபார்மலின் திசுவைப் போலப் பத்து மடங்கு இருக்க வேண்டும். பெரிய துண்டை 5 மி.மீ. இடைவெளியில் கீறிவிட்டால்தான் நடு வரை ஏறும். மொத்தம் 6 மணி நேரத்துக்குக் குறையாமல் 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊற வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த துண்டு திங்கள் வரை பஸ் பார்சலில் கிடப்பது ஒரு பக்கம் என்றால், உப்புநீரிலோ ஸ்பிரிட்டிலோ போட்டு அனுப்புவது இன்னொரு பக்கம். இரண்டிலும், உண்மையில் இருக்கும் ஏற்பி இல்லை என்று வரலாம்.

அறிக்கையில் உட்கரு பழுப்பாகச் சாயம் ஏறிய செல்களை மட்டுமே எண்ணுவார்கள். 1 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பாசிட்டிவ், 1 முதல் 10 சதவீதம் வரை குறைந்த பாசிட்டிவ். ஆல்ரெட் மதிப்பெண் என்றால் 8-க்கு எத்தனை என்று இருக்கும், 3 முதல் பாசிட்டிவ். நெகட்டிவ் அறிக்கையில், பக்கத்திலுள்ள இயல்பான மார்பகச் செல்களில் சாயம் ஏறியதா என்று கேளுங்கள். அவற்றிலும் ஏறவில்லை என்றால் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

எம்.எஸ்சி. புராஜெக்டில் டெக்சாமெதாசோன் கொடுத்தும் மரபணு ஏறவே இல்லை. எங்கே தவறு?

பெரும்பாலும் செல் வளர்க்கும் ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தில். மாட்டுக் கன்றுச் சீரத்திலேயே கார்டிசாலும் ஈஸ்ட்ரோஜனும் இருக்கின்றன. மருந்து கொடுக்காத கட்டுப்பாட்டுத் தட்டும் ஏற்கெனவே தூண்டப்பட்டுவிட்டால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? கரியால் ஹார்மோன் நீக்கிய சீரத்தில் குறைந்தது 24 மணி நேரம் வைத்த பிறகே மருந்து கொடுங்கள். எம்.சி.எஃப்.-7 என்ற மார்பகப் புற்றுச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் பார்ப்பதானால் 48 முதல் 72 மணி நேரம் வைத்து, ஃபீனால் ரெட் இல்லாத ஊடகத்தையே பயன்படுத்துங்கள். அந்தச் சிவப்புச் சாயத்திலும் லேசான ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டு.

அளவு: டெக்சாமெதாசோனின் மூலக்கூறு எடை 392.5. எத்தனாலில் மில்லிக்கு 3.9 மி.கி. கரைத்தால் 10 மில்லிமோலார். அதை எத்தனாலிலேயே 100 மடங்கு நீர்த்து, ஊடகத்தில் 1 மில்லிக்கு 1 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 100 நானோமோலார், எத்தனால் 0.1 சதவீதம். கட்டுப்பாட்டுத் தட்டுக்கும் அதே 0.1 சதவீத எத்தனால் கட்டாயம். ஏ549 என்ற நுரையீரல் புற்றுச் செல்லில் 0, 1, 2, 4, 8 மணிக்கு ஆர்.என்.ஏ. எடுத்து எஃப்.கே.பி.பி.5, பெர்1, கில்ஸ் ஆகியவற்றைப் பாருங்கள். 24 மணிக்கு மட்டும் எடுப்பவர்கள், ஏறி இறங்கிய பெர்1-ஐத் தவறவிடுவார்கள்.

மரபணு ஏற்பியின் நேரடி இலக்கா என்று அறிய, மருந்துக்கு அரை மணி முன்பு புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடை மில்லிக்கு 10 மைக்ரோகிராம் கொடுங்கள். புதுப் புரதம் எதுவும் உருவாகாத நிலையிலும் ஆர்.என்.ஏ. ஏறினால் அது நேரடி.

ஏற்பி டி.என்.ஏ.வில் எங்கே அமர்கிறது என்று எதிர்ப்பொருள் வைத்துப் பார்க்கும் சிப் சோதனையில் பின்னணி இரைச்சல் அதிகமாக வருகிறது.

ஃபார்மால்டிஹைடு 1 சதவீதம், அறை வெப்பத்தில் 10 நிமிடம், பிறகு 125 மில்லிமோலார் கிளைசின் 5 நிமிடம். கூட 10 நிமிடம் விட்டால் குரோமாட்டின் உடையாது, எதிர்ப்பொருள் பிடிக்கும் இடமும் மறையும். பழைய ஃபார்மலின் பாட்டிலைப் பயன்படுத்தாதீர்கள். துண்டுகள் 200 முதல் 500 எழுத்துக்குள் வந்தனவா என்று ஒவ்வொரு முறையும் ஜெல்லில் பாருங்கள். சித்திரை வெயிலில் சோனிகேட்டர் தொட்டித் தண்ணீர் வேகமாகச் சூடாகும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஐஸ் மாற்றாவிட்டால் ஏற்பி கழன்றுவிடும்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு 10 நானோமோலார் எஸ்ட்ராடயோல் கொடுத்து 45 நிமிடத்தில் நிலைப்படுத்துங்கள், டி.எஃப்.எஃப்.1 புரொமோட்டர் நல்ல நேர்க் கட்டுப்பாடு. ஏற்பியைக் குறிவைக்காத சாதாரண ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள், பிரித்தெடுக்கும் முன் எடுத்து வைத்த 1 சதவீத உள்ளீடு, ஏற்பி அமராத ஒரு டி.என்.ஏ. பகுதி ஆகிய மூன்றும் இல்லாமல் வரும் எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. அந்த மூன்றாவதில்கூட சிக்னல் வந்தால் கழுவும் கரைசலின் உப்பைக் கூட்டிப் பாருங்கள், எதிர்ப்பொருளைப் பிறகு சந்தேகப்படலாம்.